நினைவகக் கசிவும் 2012 அமேசான் முடக்கமும்

நினைவகக் கசிவு என்பது, ஒரு மென்பொருள் தன் வேலைக்கெனக் கணினியிடம் கேட்டுப் பெற்ற நினைவக இடத்தை, வேலை முடிந்த பின்னும் திருப்பித் தராமல் வைத்துக்கொள்வதாகும். கசிவு என்ற பெயர் சற்றுத் தவறான எண்ணத்தைத் தரக்கூடியது. எதுவும் வெளியே ஒழுகுவதில்லை. நூலகத்தில் எடுத்த நூல்களைத் திருப்பாமல் வீட்டிலேயே அடுக்கிக்கொண்டு போவதைப் போன்றது அது. ஓரிரு நூல்கள் குறைந்தால் யாருக்கும் தெரியாது. அலமாரி காலியாகும்போதுதான் தெரியும்.

வீட்டுக் கணினியில் மென்பொருளை மூடியதும், அது பிடித்து வைத்திருந்த இடத்தை இயங்குதளம் மீட்டுக்கொள்ளும். இணையத்தளங்களை இயக்கும் சர்வர்களோ நாள்கணக்கில், மாதக்கணக்கில் நிறுத்தாமல் ஓடுபவை. அங்கே ஒவ்வொரு கோரிக்கைக்கும் சில பைட்டுகள் தங்கிப்போனாலும் போதும், ஒருநாள் இடம் தீர்ந்துவிடும். அப்பாச்சி சர்வரில் இதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு. குறிப்பிட்ட எண்ணிக்கையில் இணைப்புகளைக் கையாண்டதும், அந்தச் செயல்முறையை முடித்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்கும். நோயைக் குணப்படுத்தாத வைத்தியம்தான் என்றாலும் பலரைக் காப்பாற்றியிருக்கிறது.

பயன்படாத இடத்தைத் தானாகவே கண்டறிந்து மீட்கும் முறையை ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழிக்காக உருவாக்கி, 1960இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். ஜாவா போன்ற பிற்கால மொழிகளும் இம்முறையைக் கைக்கொண்டன. ஆனால் இது மீட்பது எவரும் பிடித்திராத இடத்தை மட்டுமே. தரவுத்தளத்திலிருந்து வந்த விடைகளை ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போனால், அந்தப் பட்டியல் பயன்பாட்டில் இருப்பதாகவே கருதப்படும். திறந்த தரவுத்தள இணைப்பை மூட மறப்பதும் இவ்வகைத் தவறே.

கசிவு எவ்வளவு தூரம் மறைந்திருக்க முடியும் என்பதற்கு 2012 அக்டோபர் 22 நல்ல சான்று. அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் உள்ள அமேசான் தரவு மையங்களில், இபிஎஸ் எனப்படும் சேமிப்புச் சேவையின் ஒரு பகுதி அன்று திணறத் தொடங்கியது. ரெடிட், பின்டரெஸ்ட், ஃபோர்ஸ்குவேர் முதலிய தளங்கள் பாதிக்கப்பட்டன. இபிஎஸ்ஸை நம்பியிருந்த ஆர்டிஎஸ் தரவுத்தளச் சேவையும் தடுமாறியது.

காரணம் அதற்கு முந்தைய வாரத்தில் இருந்தது. பராமரிப்புத் தகவல்களைத் திரட்டும் சர்வர் ஒன்று பழுதாகி மாற்றப்பட்டது. புதிய சர்வரின் முகவரி டிஎன்எஸ் பதிவில் மாற்றப்பட்டாலும், உள் டிஎன்எஸ் சர்வர்கள் அனைத்துக்கும் அது சென்று சேரவில்லை. எனவே சில சேமிப்பு சர்வர்களில் இருந்த தகவல் அனுப்பும் சிறு நிரல், இல்லாத சர்வரையே மீண்டும் மீண்டும் அழைத்தது. அந்த நிரலில் ஒளிந்திருந்த கசிவு அப்போதுதான் வெளிப்பட்டது: தோல்வியுற்ற ஒவ்வொரு முயற்சியிலும் கொஞ்சம் நினைவகம் போயிற்று.

ஏன் யாரும் கவனிக்கவில்லை? அந்தத் தகவல் தாமதமானாலும் வராமலே போனாலும் பாதகமில்லை என்று அமைப்பு வடிவமைக்கப்பட்டிருந்தது. ஆகவே அழைப்பு தோற்றது பற்றி எச்சரிக்கை எழவில்லை. நினைவகக் கண்காணிப்பும் இருந்தது. ஆனால் அது சர்வரின் மொத்தப் பயன்பாட்டைப் பார்த்தது. சேமிப்பு சர்வர்களில் மொத்த அளவு இயல்பாகவே ஏறி இறங்குவதால், ஒரு சிறு நிரல் வீங்குவது அதில் மறைந்துபோனது. ஒரு சர்வர் சிக்கினால் அதன் வேலையை நலமான வேறொன்றுக்கு மாற்றும் ஏற்பாடும் அன்று முழுமையாகக் கைகொடுக்கவில்லை. பல சர்வர்கள் ஒரே நேரத்தில் நினைவகம் தீர்ந்து நின்றதால், மாற்றிக்கொள்ளப் போதுமான நல்ல சர்வர்கள் கிடைக்கவில்லை.

பொறியாளர்கள் பிற்பகலில் மூலகாரணத்தைக் கண்டு, அந்த நிரல் பிடித்திருந்த நினைவகத்தை விடுவித்தபின் எஞ்சியவையும் மீளத் தொடங்கின. நிறுவனம் பின்னர் வெளியிட்ட விளக்கத்தில், கசிவைத் திருத்துவதோடு, இனி ஒவ்வொரு செயல்முறையின் நினைவகத்தையும் தனித்தனியே கண்காணிப்பதாகவும், முக்கியத்துவம் குறைந்த நிரல்களுக்கு உச்சவரம்பு விதிப்பதாகவும் தெரிவித்தது.