எகரத்தின் இரண்டு கோடுகள்: ஜெர்மன் கையெழுத்தில் ஓர் எழுத்தின் வரலாறு

ஜெர்மன் மொழியில் 'நென்னென்' என்றொரு சொல் உண்டு. பெயர் சொல்லி அழைப்பது என்று பொருள். நகரம் நான்கு, எகரம் இரண்டு, ஆக ஆறே எழுத்து. 150 ஆண்டுகளுக்கு முந்தைய ஜெர்மன் கடிதத்தில் இந்தச் சொல்லைப் பார்ப்பவருக்கு எழுத்தே கண்ணில் படாது. மேலிருந்து கீழாக இழுத்த 12 குட்டைக் கோடுகள் வேலிப்படல்போல வரிசையாக நிற்கும். இடையில் மயிரிழை போன்ற இணைப்புகள் இருக்கும். எது நகரம், எது எகரம் என்பதைக் கோடுகளின் இடைவெளிதான் சொல்லும். இரண்டு கோடுகள் நெருங்கி நின்றால் எகரம், விலகி நின்றால் நகரம்.

எகரம் என்று இங்கே சொல்வது, ஆங்கில வகுப்பில் நாம் 'ஈ' என்று கற்ற அதே எழுத்தைத்தான். ஜெர்மானியர் அதை 'ஏ' என்பர். பெயர்க் குழப்பம் வேண்டாமென்று ஒலியை வைத்து எகரம் என்றே குறிக்கிறேன். நாலுகோடு நோட்டில் நாம் எழுதிப் பழகிய கர்சிவ் எகரம் ஒரே ஒரு சுழி. ஜெர்மானியரின் பழைய கையெழுத்தான 'குரெண்ட்' முறையில் அந்தச் சுழி கிடையாது. சுழி எப்படி இரண்டு கோடானது, பிறகு எப்படி மீண்டும் சுழியானது என்பதே இக்கட்டுரையின் பொருள். முதல் மாற்றத்தைச் செய்தது எழுதுவோரின் கை. அடுத்த மாற்றங்கள் அரசாணையாக வந்தன. இந்த வேறுபாடு போதிய கவனம் பெறவில்லை என்பது என் எண்ணம்.

இடைக்கால ஏடுகளில் எகரத்துக்கு இரண்டு உறுப்புகள்: இடப்பக்கம் வளைந்த முதுகு, வலப்பக்கம் மேலே சிறிய கண். இறகுப் பேனாவைக் கீழ்நோக்கி இழுப்பது எளிது. மேல்நோக்கித் தள்ளினால் முனை தாளில் குத்தும், மை தெறிக்கும். விரைந்து எழுத வேண்டிய எழுத்தர்கள் முதுகை ஒரே இழுப்பில் நேராக இறக்கினார்கள். கண்ணை வளைத்து மூட நேரமில்லை. அதுவும் பக்கத்தில் இன்னொரு சிறு இறக்கமாகச் சுருங்கியது. நாளடைவில் முதுகும் கண்ணும் இரண்டு இணைகோடுகளாக நின்றன. இப்படி எழுது என்று எவரும் ஆணையிடவில்லை.

ஜெர்மன் எழுத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 17 எகரம். அதாவது ஆறு எழுத்துக்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் ஒரு வளைவு மிச்சமானால் ஒரு பக்கத்தில் எவ்வளவு மிச்சம்! ஆனால் எழுதுபவருக்கு மிச்சமான உழைப்பு வாசிப்பவரின் தலையில் விழுந்தது. உகரமும் இரண்டு கோடுதான் என்பதால் அதன் தலையில் ஒரு பிறைக்கோடு வைத்து நகரத்திலிருந்து பிரித்தார்கள். எகரத்துக்கு அப்படிக் குறி எதுவும் கிடைக்கவில்லை. இடைவெளி மட்டுமே அதற்கு அடையாளம்.

இந்த இரண்டு கோடுகள் இன்றும் ஜெர்மன் அச்சில் உயிரோடு இருக்கின்றன. உயிரெழுத்து திரிந்து ஒலிப்பதைக் காட்ட, அகர, ஒகர, உகரங்களின் தலைமேல் ஒரு குட்டி எகரத்தை எழுதுவது பழைய வழக்கம். எகரம் இரு கோடானபோது தலைமேல் இருந்ததும் இரு கோடானது. பின்னர் தேய்ந்து இரு புள்ளியானது. 'உம்லவுட்' என்ற அந்த இரட்டைப் புள்ளி, உருமாறிய எகரமே. தமிழ் வாசகருக்கு வேறொரு எகரப் புள்ளி நினைவுக்கு வரும். எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. ஓலையில் புள்ளி குத்தினால் ஏடு பொத்தலாகும் என்று அதை விட்டுவிட்டார்கள். குறிலா நெடிலா என்பதை இடம் பார்த்து வாசிக்க வேண்டியதாயிற்று. பேனாவும் எழுத்தாணியும் வெவ்வேறு, ஆனாலும் இரு நாட்டு வாசகருக்கும் வந்து சேர்ந்த சிக்கல் ஒரே வகை.

தமிழ் வரலாற்றில் உழைப்பவருக்கு இந்த எழுத்து தேவைப்படுவது தரங்கம்பாடியால். 1706 ஜூலை 9 அன்று அங்கே வந்து இறங்கிய ஜெர்மன் மறைப்பணியாளர் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் தமிழ் எழுத்து பழகினார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்கு அனுப்பிய கடிதங்களும் குறிப்புகளும் அங்குள்ள பிராங்கே நிறுவனங்களின் காப்பகத்தில் இருக்கின்றன. ஜெர்மனில் எழுதியவை பெரும்பாலும் குரெண்ட் கையெழுத்தில். அக்காலத்தில் படித்த ஜெர்மானியருக்கு இரண்டு கையெழுத்து உண்டு. சொந்த மொழிக்குக் குரெண்ட். லத்தீன் சொல், அயல்மொழிச் சொல், அயல்நாட்டுப் பெயர் என்றால் வட்டமான லத்தீன் கர்சிவ். ஆகவே ஒரே வரியில் ஒரே கை இரண்டு வகை எகரம் எழுதும்: ஒரு சொல்லில் இரு கோடு, அடுத்த சொல்லில் சுழி. வாசிப்பவருக்கு இது பெரிய உதவி. படல்வேலிக்கு நடுவே சுழி தென்பட்டால் அங்கே ஊர்ப்பெயரோ அயற்சொல்லோ இருக்கக்கூடும்.

தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி பற்றி சீகன்பால்கு 1713-இல் எழுதி முடித்த நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. பதிப்பித்த வில்ஹெல்ம் கெர்மன் அதில் மாற்றங்கள் செய்திருந்தார். மூல வடிவத்தை டேனியல் ஜெயராஜ் 2003-இல் ஹாலேயில் பதிப்பித்தார். நூலாசிரியர் எழுதியதற்கும் பதிப்பாசிரியர் திருத்தியதற்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டுமானால் கையெழுத்துப் பிரதிக்குத்தான் போக வேண்டும்.

ஜெர்மனியில் 19-ஆம் நூற்றாண்டில் கூர்முனை எஃகு நிப்பு வந்தது. அழுத்தினால் தடித்து, விட்டால் மெலியும் கோடு. எல்லாம் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். சிறு பிள்ளைகளுக்கு இது கொடுமையான பயிற்சி. பிரஷ்ய அரசு கேட்டுக்கொண்டபடி, பெர்லின் வரைகலைஞர் லுட்விக் சூட்டர்லின் 1911-இல் பள்ளிக்கென்று ஒரு கையெழுத்தை வகுத்தார். தடிப்பும் மெலிவும் இல்லாத கோடு, சாய்வில்லாத நிமிர்ந்த எழுத்து, மேல், நடு, கீழ்ப் பகுதிகள் மூன்றுக்கும் சம உயரம். 1915 முதல் பிரஷ்யப் பள்ளிகளில் அது நுழைந்தது. எகரம் அதே இரண்டு கோடுதான், ஆனால் நிமிர்ந்து நின்றது. கையில் வளர்ந்த வடிவத்தைச் சூட்டர்லின் கலைக்கவில்லை, பிள்ளைக்கு ஏற்றபடி சீர்செய்தார். அவருடைய வேலையில் நான் மதிப்பது இதைத்தான்.

கலைத்தது 1941. ஜனவரி 3-ஆம் தேதியிட்ட சுற்றறிக்கையில் நாஜிக் கட்சித் தலைவர்களுள் ஒருவரான மார்ட்டின் போர்மன், ஜெர்மன் நூல்களில் வழங்கிய கோதிக் அச்செழுத்து யூதர்களின் எழுத்து என்று அறிவித்தார். அப்பட்டமான பொய். அந்தத் தாளின் தலைப்பே அதே வகை எழுத்தில்தான் அச்சாகியிருந்தது. போரில் ஜெர்மனி கைப்பற்றிய நாடுகளில் அந்த எழுத்தை வாசிப்பவர் குறைவு என்பது மெய்யான காரணமாக இருக்கலாம் என்று பலர் கருதுகின்றனர். செப்டம்பர் 1-ஆம் தேதிச் சுற்றறிக்கை பள்ளிக் கையெழுத்தையும் மாற்றியது. அதன்பின் முதல் வகுப்புப் பிள்ளை கற்ற எகரம், சுழி. போர் முடிந்தும் பழையது திரும்பவில்லை. 1953-இல் மேற்கு ஜெர்மனி ஏற்ற லத்தீன் தொடக்கக் கையெழுத்திலும் சுழியே நின்றது. பாட்டி எழுதிய கடிதத்தைப் பேரப்பிள்ளை வாசிக்க முடியாத நிலை ஒரே தலைமுறையில் வந்தது. சுழி கெட்ட வடிவம் என்று நான் சொல்லவில்லை, அது தெளிவானது. பழையதை எழுதாவிட்டாலும் வாசிக்கவாவது பள்ளியில் இடம் வைத்திருக்கலாம் என்பதே என் ஆதங்கம்.

சுழியும் நிம்மதியாக இருக்கவில்லை. 1969-இல் ஹைன்ரிஷ் குருனேவால்ட் 'எளிமையாக்கிய தொடக்கக் கையெழுத்து' ஒன்றை உருவாக்கினார். பெரும்பாலான சிற்றெழுத்துகள் நடுக்கோட்டில் தொடங்கி நடுக்கோட்டிலேயே முடிய வேண்டும் என்பது விதி. எகரம் இயல்பாக அடிக்கோட்டிலிருந்து ஏறிச் சுழிவது. அதை நடுக்கோட்டில் தொடங்க, உச்சியில் ஒரு சின்னத் தலையைச் சுழித்துவிட்டுக் கீழே இறங்க வேண்டியதாயிற்று. ஆசிரியர்கள் அதற்குச் 'சின்னத்தலை எகரம்' என்றே பெயர் வைத்தார்கள். அவசரத்தில் தலை சுருங்கினால் வெறும் பிறைவளைவு மிஞ்சும், எகரம் காணாமல் போகும். மொழியில் மிகுதியாக வரும் எழுத்தையே விதிக்காக வளைத்தது சரியான முடிவாக எனக்குத் தோன்றவில்லை. இந்த முறைக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட ஆய்வுகளின் குறைகளை வில்ஹெல்ம் டாப்ஷ் 1996-இல் நூலாக எழுதினார். கிழக்கு ஜெர்மனியின் 1968-ஆம் ஆண்டு முறையில் எகரம் பழைய எளிய சுழியாகவே இருந்தது. இன்று மாநிலத்துக்கு மாநிலம், சில இடங்களில் பள்ளிக்குப் பள்ளி, முறை வேறுபடுகிறது.

குரெண்ட் கற்க வருபவர் அட்டவணையைப் பார்த்து வாசிக்கப் பார்ப்பதைவிட எழுதிப் பழகுவதே நல்லது. நாலுகோடு நோட்டும் தொட்டெழுதும் பேனாவும் போதும். முதலில் எகரம் மட்டும்: மெலிதாக ஏற்றி, அழுத்தி இறக்கி, ஒட்டினாற்போல மெலிதாக ஏற்றி, மறுபடி இறக்க வேண்டும். ஒரு பக்கம் முழுக்க அதையே எழுதியபின் நகரம். இரண்டாவது ஏற்றத்தைச் சற்று அகலமாகச் சாய்க்க வேண்டும். பிறகு 'நென்னென்'. முதல் நாள் 12 கோடும் சம தூரத்தில் விழும்; எழுதியவராலேயே வாசிக்க முடியாது. நாலைந்து நாளில் கை அகலம், குறுக்கம், அகலம், அகலம், குறுக்கம், அகலம் என்று தானாகவே போகும். அதற்குப் பின் ஹாலேக் கடிதத்தைக் கையில் எடுத்தால், வேலிக்குள் எகரம் எங்கெங்கே நிற்கிறது என்று தெரியத் தொடங்கும்.