பெயரை விட்டுக்கொடுக்கும் எழுத்துக்கு விலை என்ன?



பிறர் பெயரால் வெளிவரும் நூலுக்குத் தம் அறிவையும் உழைப்பையும் ஈந்து பொருள் பெறுவது இக்காலத்தில் ஒரு தொழிலாகவே அமைந்துவிட்டது. அத்தொழிலில் இறங்குவோரை முதலில் மயக்குவது ஒரு கேள்வி. கூலியை எவ்வாறு கேட்பது? சொல்லுக்கு இவ்வளவு என்றா, திங்களுக்கு இவ்வளவு என்றா, முழுநூலுக்கு இவ்வளவு என்றா? இக்கேள்வி புதியதன்று. நல்லூரின் வரலாறு இதற்கு ஓரளவு விளக்கம் தருகின்றது.

ஏட்டுச்சுவடிக் காலத்தில் எழுத்துக்கு ஓர் அளவு இருந்தது. முப்பத்திரண்டு எழுத்துக் கொண்டது ஒரு கிரந்தம். ஏடு பெயர்த்தெழுதுவோர் அக்கணக்கைக் கொண்டு கூலி பெறும் வழக்கம் இருந்தது. நூறு கிரந்தம் என்றால் 3,200 எழுத்து. யார் எழுதினும் கணக்கு மாறாது. பெயர்த்தெழுதுவோர் கொடுப்பது கையுழைப்பு ஆதலால் அவ்வளவை அவர்களுக்குப் பொருந்தியது. ஆனால், பொருளை ஆராய்ந்து, தக்க சொல்லைத் தேடி வாக்கியம் அமைப்பவருக்கு அது பொருந்துமா? ஒரே சொல்லுக்காக ஒரு பகல் முழுவதும் கழிவதுண்டு. அப்பகலின் உழைப்பு எழுத்தெண்ணிக்கையில் தோன்றாது.

1822ஆம் ஆண்டு மார்கழித் திங்களில் நல்லூரிற் பிறந்த ஆறுமுகநாவலர், யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே உபாத்தியாயராகவும் அமர்ந்தார். அப்பாடசாலைத் தலைவர் பீற்றர் பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழில் திருத்தமாகப் பெயர்க்க முனைந்தபோது, அவருக்குத் தமிழ்த்துணையாக நின்றவர் இளைஞரான நாவலரே. அம்மொழிபெயர்ப்பு 1850இல் சென்னையில் அச்சேறியது. உலகம் அதனைப் பேர்சிவல் மொழிபெயர்ப்பென்றே வழங்கியது. நாவலருக்குக் கிடைத்தது வேதனம். வேதனம் நாளை அளக்கும்; புலமையை அளப்பதில்லை. பெயருக்கு ஈடாக எதையும் சேர்ப்பதுமில்லை.

1848இல் நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிப் பாதிரியாரிடமிருந்து விலகினார். வேதனத்தை உயர்த்தித் தருவதாகக் கூறிப் பாதிரியார் அவரை நிறுத்த முயன்றார் என்றும், நாவலர் இசையவில்லை என்றும் அவர் சரித்திரம் எழுதியோர் கூறுவர். தாம் நிறுவிய பாடசாலையிலோ வேதனம் பெறாமலே கற்பித்தார் என்பர். அவர் விலகியது கூலி குறைந்ததனால் அன்று. சைவப்பணியிற் கொண்ட பற்றினால். இதிலிருந்து ஒன்று புலனாகின்றது. எழுதுவோன் விலை கூறுமுன், அவ்வேலையை ஏற்கலாமா என்பதை முடிவு செய்தல் வேண்டும். மனம் ஒவ்வாத வேலைக்கு விலையை உயர்த்திக் கேட்பது விடையாகாது.

பின்னர் நாவலர் அச்சியந்திரம் நிறுவி நூல்களைத் தாமே பரிசோதித்து வெளியிட்டார். திருக்குறள் பரிமேலழகருரையை 1861இல் அவர் பதிப்பித்தது, இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவரின் வேண்டுகோளின்படியும் ஆதரவிலும் ஆகும். இங்கே பொருள் தந்தவர் புரவலராகவும், உழைத்தவர் பரிசோதகராகவும் அறியப்பட்டனர். ஒருவர் மற்றவருடைய பெயரைக் கொள்ளவில்லை. புலவர் செல்வரிடம் பொருள் பெறுவது இழிவன்று என்பதற்கு இதுவே சான்று. முன்னைய நூலில் நாவலர் பெயர் மறைந்தது. பின்னைய நூலில் நின்றது.

ஆகவே, இன்று பிறர்பொருட்டு எழுதுவோர் தம் கூலியை மூன்று கூறாகப் பிரித்து எண்ணுதல் நன்று. பெயர்த்தெழுதலும் ஒழுங்குபடுத்தலும் எண்ணிக்கையால் அளக்கத் தக்கன. கேட்டறிதலும் ஆராய்தலும் காலத்தால் அளக்கத் தக்கன. மூன்றாவது, பெயரை விட்டுக்கொடுத்தல். அதற்குத் தனியே ஒரு தொகை குறிக்க வேண்டும். நூல் எத்தனை பதிப்புக் காணினும் எழுதியவர் அதனைத் தமதென்று காட்டி அடுத்த வேலை தேட இயலாது; அவ்விழப்புக்கே இத்தொகை ஈடு. மூன்றையும் எழுதத் தொடங்குமுன்னரே பேசிக் கையொப்பமிடல் வேண்டும். நூல் முடிந்தபின் பெயரைப் பற்றி வாதாடுவோர்க்குப் பெரும்பாலும் பெயரும் கிடைப்பதில்லை, பொருளும் கிடைப்பதில்லை.

வறுமையினால் முதல் வேலைக்குக் குறைந்த கூலி ஏற்போர் பலர். ஏற்கட்டும், ஆனால் எக்கூற்றைக் குறைத்தோம் என்பதை அறிந்தே ஏற்கட்டும்.