ரெண்டுக்கு ரெண்டு இன்ச்சில் அம்மா

அக்காவுக்கு நியூஜெர்சியில பிரசவம். அம்மா போகணும். பாஸ்போர்ட் இருக்கு, விசா மட்டும்தான் பாக்கி. வீட்டுல ஒரு சாஃப்ட்வேர் எஞ்சினியர் இருக்கும்போது ஏஜெண்ட் எதுக்குன்னு ஃபாரத்தை நானே ரொப்ப உட்கார்ந்தேன். எல்லாம் முடிஞ்சு போட்டோகிட்ட வந்து நின்னுச்சு வண்டி.

திண்டுக்கல்லுல ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போனேன். "கண்ணாடியைக் கழட்டுங்கம்மா, சிரிக்காதீங்கம்மா"ன்னு சொல்லி ஸ்டுடியோ அண்ணன் எடுத்தார். அரை மணி நேரத்துல பிரிண்ட் கைக்கு வந்துச்சு. பார்த்தா அம்மா நல்லா வெளுத்திருக்காங்க. இடது கன்னத்து மச்சத்தைக் காணோம்! கேட்டா, "ஃபாரின் போறாங்கள்ல தம்பி, க்ளீன் பண்ணிட்டேன்"கிறார். :-)

அம்மா வாங்கிப் பார்த்துட்டு, "யாருடா இந்தப் பொம்பள, லட்சணமா இருக்கா?"ன்னாங்க.

சிரிச்சுட்டோம். ஆனா படம் செல்லாது. அமெரிக்க விசா படத்துல முகத்தை கம்ப்யூட்டர்ல திருத்தக் கூடாதுன்னு விதியே இருக்கு. அதை விடுங்க, அம்மாவோட எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துல அங்க அடையாளம்னு எழுதியிருக்கிறதே அந்த மச்சத்தைத்தான்!

இந்த போட்டோ விதியெல்லாம் யாரு ஆரம்பிச்சதுன்னு அன்னிக்கு ராத்திரி நோண்ட ஆரம்பிச்சேன். நோண்டினது கடைசியில எங்க வீட்டு டிரங்குப் பெட்டியில வந்து முடிஞ்சது.

முதல் உலகப் போருக்கு முன்னாடி, பெரும்பாலான நாடுகளுக்குப் போக பாஸ்போர்ட்டே தேவைப்படல. வெச்சிருந்தவங்க பாஸ்போர்ட்லயும் படம் கிடையாது. மூக்கு எப்படி, நெத்தி எப்படின்னு எழுத்துல வர்ணனைதான். நம்ம அங்க அடையாளம் மாதிரி.

இதைக் கெடுத்த புண்ணியவான்களில் ஒருத்தர் கார்ல் ஹான்ஸ் லோடி. ஜெர்மன் உளவாளி. 1914-ல் சார்லஸ் இங்லிஸ் என்கிற நிஜ அமெரிக்கரோட பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டு பிரிட்டனுக்குள்ள நுழைஞ்சார். படம் இல்லாததால யாருக்கும் சந்தேகம் வரல. பிறகு மாட்டினார். 1914 நவம்பர் 6 அன்னிக்கு லண்டன் டவர்ல வெச்சு சுட்டுட்டாங்க. அதே டிசம்பர்ல அமெரிக்கா பாஸ்போர்ட்டுக்குப் படத்தைக் கட்டாயமாக்குச்சு, 1915-ல் பிரிட்டனும். ஆக, நம்ம ஆல்பத்துல இருக்கிற பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கெல்லாம் மூலகாரணம் சந்தேகம்தான்.

இந்தியாவுல 1917-ல் போர்க்கால விதியா பாஸ்போர்ட் வந்து, 1920-ல் சட்டமாச்சு. அதுலயும் ஒரு விலக்கு. கோஷா முறையில இருந்த பெண்களுக்குப் படம் வேண்டாம். அந்தக் காலப் பாஸ்போர்ட் சிலதுல மனைவி படம் ஒட்ட வேண்டிய இடத்துல 'பர்தா பெண்மணி'ன்னு எழுத்து மட்டும் இருக்கும்.

ஆனா இதெல்லாம் காசு இருந்தவங்க கதை. திண்டுக்கல் சுத்துப்பட்டு ஊர்கள்ல இருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவங்களுக்கு என்ன பாஸ்போர்ட்? எங்க பூட்டனும் அப்படிப் போனவர்தான். 20-ம் நூற்றாண்டுத் தொடக்கத்துல தோட்டத்துக் கூலிகளுக்குத் தகர டிக்கெட்னு ஒண்ணு உண்டு. எஸ்டேட்டைக் குறிக்கிற நம்பர் அடிச்ச தகர வில்லை. முகம் யாருக்கு வேணும்? எந்தத் தோட்டத்துக்குச் சேரவேண்டிய ஆள்னு தெரிஞ்சா போதும்.

1948-ல் இலங்கை கொண்டுவந்த பிரஜாவுரிமைச் சட்டத்தால தோட்டத் தமிழர்கள்ல பெரும்பாலானவங்க நாடில்லாதவங்க ஆனாங்க. அப்புறம் 1964 அக்டோபர் 30, சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்கிட்டாங்க. சம்பந்தப்பட்டவங்களை யாரும் கேட்கல.

அந்தக் கணக்குல ஒரு ஆள் எங்க அம்மா. 1976-ல் ஒன்பது வயசு. கண்டியில இருந்த இந்தியத் தூதரக அலுவலகத்துல பாஸ்போர்ட் எழுதிப் போட, தாத்தாவும் அம்மாச்சியும் ஹட்டன்ல ஸ்டுடியோவுக்குப் போயிருக்காங்க. போனது போனோம்னு குடும்பத்தோட ஒரு படமும் எடுத்தாங்க. அம்மாவோட முதல் போட்டோ அது.

பெரிய மாமா அதுல இல்ல. அவர் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தார். "நான் போகாத ஊருக்கு எனக்கு எதுக்கு போட்டோ"ன்னு வரலையாம்.

ஹட்டன்ல இருந்து இவங்களை ஏத்திட்டுப் போன ரயிலுக்கு மலையகத்துல 'அழுகைக் கோச்சி'ன்னே பேர். (அம்மா இப்பவும் ரயிலை கோச்சின்னுதான் சொல்வாங்க.) தலைமன்னார்ல ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் பூட்டனோட ஊர்.

டிரங்குப் பெட்டியில தாத்தா பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தேன். அம்மா அதுல ஒரு வரிதான். பேரு, பிறந்த தேதி. படம் கிடையாது.

அந்த ஒரு வரியை இன்னிக்கு யாரும் ஏத்துக்க மாட்டாங்க. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1980-ல் மெஷின் படிக்கிற பாஸ்போர்ட்டுக்குத் தர நிர்ணயம் வெளியிட்டுச்சு. 2003-ல் முகத்தையே முதன்மை அடையாளமா எடுத்துக்கிட்டாங்க. சிரிச்சா கன்னமும் வாயும் இடம் மாறுது, ஒப்பிடுறது கஷ்டம். அதனாலதான் சிரிக்கக் கூடாது. கண்ணாடி பளபளக்குது, கண்ணை மறைக்குது. அமெரிக்க விசாவுக்கு 2016 நவம்பர் முதல் அதுவும் கூடாது. கோட் எழுதுறவனா எனக்கு இந்த நியாயம் புரியுது. மகனா, நாப்பது வருஷமா கண்ணாடி போட்ட முகத்தைக் கண்ணாடி இல்லாமப் பார்த்தா யாரோ மாதிரி இருக்கு.

மறுநாள் அதே ஸ்டுடியோ. "அண்ணே, மச்சத்தை மட்டும் விட்டுருங்க". இந்தத் தடவை அம்மா அம்மாவாவே வந்தாங்க. படத்தை ஏத்தினேன், தளம் ஏத்துக்கிச்சு.

"மாமாவுக்கும் ஒண்ணு அனுப்புடா, அடையாளம் தெரியுதான்னு பார்ப்போம்"னாங்க அம்மா. பேத்தி போன்ல மாமா குரல்லயே பதில் வந்துச்சு.

"ஏன் புள்ள மொறைச்சுக்கிட்டு இருக்க?"

பி.கு: உங்க வீட்டுலயும் பழைய பாஸ்போர்ட், குடும்பப் படம் இருந்தா எடுத்துப் பாருங்க மக்களே. படத்துல இல்லாதவங்க யாருன்னு பெரியவங்ககிட்ட இப்பவே கேட்டு வெச்சுக்குங்க.