தாக்குதலும் மென்பொருட் காவலும்

அடிக்கடி தாக்கப்படும் மென்பொருள் நாளடைவில் உறுதி பெறுகின்றதா, அன்றி நலிவடைகின்றதா என்பது கணினி வரலாற்றில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வரும் வினாவாகும். புடமிட்ட பொன்னைப் போல அது மாசு நீங்கும் என்பர் ஒரு சாரார். கடலரிக்கும் கரையைப் போலத் தேயும் என்பர் மறுசாரார். வரலாற்றை நோக்குமிடத்து இவ்விரு கூற்றுகளும் முழுமையுடையன அல்ல என்பது புலனாகும்.

1988 நவம்பர் 2 ஆம் நாள் அமெரிக்க மாணவர் ரொபர்ட் மொரிஸ் பரவவிட்ட ‘புழு’ நிரல் யுனிக்ஸ் கணினிகள் பலவற்றை முடக்கிற்று. அது நுழைந்த வழிகள் அடைக்கப்பட்டன. இத்தகைய அவசர நிலைமைகளை எதிர்கொள்ளும் முதற் குழு அவ்வாண்டே கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் தோன்றிற்று. இலங்கையில் அத்தகைய குழு 2006 இல் அமைந்தது.

2001 இல் கோட் ரெட், நிம்டா ஆகிய புழுக்கள் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் மென்பொருள்களைத் தாக்கின. புதிய வசதிகளிலும் பாதுகாப்பே முதன்மை பெற வேண்டுமென 2002 சனவரியில் பில் கேட்ஸ் ஊழியர்க்கு எழுதினார். விண்டோஸ் ஆக்கப்பணி சில காலம் நிறுத்தப்பட்டு, நிரல்கள் மீளாய்வு செய்யப்பட்டன. 2004 ஓகஸ்டில் வெளிவந்த எக்ஸ்பி இரண்டாம் திருத்தத் தொகுதி அம்முயற்சியின் பயன் எனலாம்.

ஆயினும், திருத்தம் வெளிவருதல் வேறு. அது பயனாளரைச் சென்றடைதல் வேறு. திருத்தம் வெளியாகும்போது வழுவும் வெளியாகின்றது. ஆதலின் காலந்தாழ்த்துவோர்க்கு இடர் மிகுகின்றது. 2017 மார்ச்சில் வெளியான திருத்தத்தைப் பொருத்தாதிருந்த கணினிகளை மே மாதத்தில் ‘வொனாகிரை’ சூறையாடியமை இதற்குச் சான்றாகும்.

இலங்கையின் அனுபவமும் ஈண்டு நோக்கத்தக்கது. 2023 ஓகஸ்ட் இறுதியில் அரசாங்க முகிற்கணினித் தொகுதி, கப்பம் கோரும் நிரலொன்றின் தாக்குதலுக்குள்ளாயிற்று. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சற் கணக்குகள் பாதிப்புற்றன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மடல்கள் அழிந்தன. அங்குப் பயன்பட்டது 2013 ஆம் ஆண்டு எக்சேஞ்ச் பதிப்பாகும். 2021 இல் உலகெங்கும் எக்சேஞ்ச் தாக்கப்பட்டு, வழுக்கள் பல திருத்தப்பட்டிருந்தன. அப்பழைய பதிப்புக்கான ஆதரவும் 2023 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. புதுப்பிக்கும் எண்ணம் 2021 முதல் இருந்தும், நிதிக்குறைவு முதலிய காரணங்களால் அது கைகூடவில்லை. தொகுதியோடு இணைந்திருந்த காப்புப் படிகளும் உடன் முடங்கின.

எனவே, தாக்குதல் வழுவைக் காட்டித்தரும். அதனை அடைத்தல் மாந்தர் கடமை. ஆக்குவோர் திருத்தவும், பேணுவோர் உரிய காலத்தில் அத்திருத்தத்தை ஏற்கவும், ஆட்சியாளர் அதற்குப் பொருள் ஒதுக்கவும் தவறின், பன்முறை தாக்குண்ட மென்பொருளும் முதல் நாளிற் போலவே காவலற்றுக் கிடக்கும். அதன் இழப்பைச் சுமப்போர், தம் விண்ணப்பங்களையும் ஆவணங்களையும் அதனிடம் ஒப்படைத்த குடிமக்களே ஆவர்.