பாபர் விரும்பிய தோட்டம்

தோட்டம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை ரப்பர் நிரைகளும் விடியற்காலைப் பிரட்டும்தாம். இன்று நாம் பேசப்போவதோ வேறு வகைத் தோட்டம். ஆப்கானிஸ்தானின் தலைநகரான காபூலில், ஒரு மலைச்சரிவில் இருப்பது. 'பாகே பாபர்', அதாவது பாபரின் தோட்டம் என்பது அதன் பெயர்.

பாபர் என்றதும், 1526, பானிப்பட்டுப் போர் என்று நம் மாணவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே, 1504இல், அவர் காபூலைப் பிடித்தார் என்பது பாடத்தில் ஒரே வரியோடு போய்விடுகிறது. அவரை அறிந்துகொள்ள அந்த ஒரு வரிதான் நமக்கு அதிகம் உதவும். தந்தை ஆண்ட பர்கானா நாட்டை இழந்து அலைந்த இளைஞருக்கு, நிலையாகக் கால் ஊன்றக் கிடைத்த ஊர் காபூல். அப்போது அவருக்கு வயது 21. கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள குளிர்ந்த ஊர் அது. திராட்சை, மாதுளை, ஆப்பிள், வாதுமை என்று அதன் கனிகளைப் பாபர் தம் நினைவுக் குறிப்புகளில் வரிசையாக எழுதி மகிழ்கிறார். புளிப்புச் செர்ரிக் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டதையும் அவை நன்றாக வந்ததையும் ஒரு விவசாயியின் பெருமையோடு குறிக்கிறார்.

ஷேர் தர்வாசா என்னும் மலையின் முகட்டில் பழைய நகரின் மதில் ஏறிச் செல்கிறது. அம்மலையின் சரிவில் அமைந்த இத்தோட்டம் ஏறத்தாழ 28 ஏக்கர். நம் தோட்டத்துக் கணக்கில் பெரிய நிலமன்று. மலைப்பாங்கான நிலத்தில் மண் அரித்துப் போகாமலிருக்க நாம் படிப்படியாக வெட்டி மரம் நடுவதை நேயர்கள் அறிவீர்கள். அங்கும் அப்படியே சரிவைப் படிகளாக வெட்டியிருக்கிறார்கள். மேலே கொண்டுவரப்பட்ட நீர், நடுவே செல்லும் வாய்க்காலில் ஓடி, படிக்குப் படி விழுந்து, தொட்டிகளில் தேங்கி, மீண்டும் இறங்கும். மழை குறைந்த அந்த நாட்டில் வாய்க்கால் நின்றால் தோட்டமும் நின்றுவிடும். இதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவை வென்ற பின்னும் பாபரின் மனம் காபூலிலேயே இருந்தது. அங்கிருந்து வந்த முலாம்பழம் ஒன்றை அறுத்தபோது கண்ணீர் வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். 1530இல் ஆக்ராவில் இறந்தார். அங்கேயே அடக்கமும் செய்தனர். சில ஆண்டுகளுக்குப் பின் அவர் விருப்பப்படி உடல் காபூலுக்குக் கொண்டுவரப்பட்டு, இத்தோட்டத்தின் மேற்படியில் வைக்கப்பட்டது. கல்லறைக்குக் கூரை வேண்டாம், வானம் தெரியட்டும் என்பது அவர் ஆசை. தாஜ்மகால் கட்டிய பரம்பரையின் முதல்வர் கேட்டது இவ்வளவே.

பின்வந்தவர்கள் மறக்கவில்லை. கொள்ளுப்பேரன் ஜகாங்கீர் 1607இல் கல்லறைக்குத் தலைக்கல் நிறுவினார். ஷாஜகான் 1646இல் அருகே வெள்ளைச் சலவைக்கல்லால் ஒரு சிறிய பள்ளிவாசல் எழுப்பினார். அக்பரின் முதல் மனைவி ருக்கையா பேகம் ஆக்ராவில் காலமானார். அவரும் இங்கேதான், தம் தந்தை ஹிந்தாலின் அருகே, அடக்கமானார். மொகலாயர் ஆட்சி போன பின் கவனிப்பாரின்றிக் கிடந்த காலமும் உண்டு. எனினும், 1832இல் அவ்வழியே வந்த அலெக்சாண்டர் பர்ன்ஸ், கல்லறையைச் சுற்றிலும் பூக்களைக் கண்டு எழுதியிருக்கிறார். 1930களில் இது முறையாகப் பொதுமக்களின் பூங்காவாயிற்று. அரசர் தமக்கென அமைத்த இடத்தில் நகரத்துக் குடும்பங்கள் விரிப்பை விரித்து உணவருந்தின.

1992இல் உள்நாட்டுப் போர் காபூலுக்குள் நுழைந்தது. தோட்டம் இருந்த பகுதி போர்முனையாயிற்று. நீர் ஏற்றும் இயந்திரம் கொள்ளை போயிற்று. மரங்கள் வெட்டப்பட்டும் எரிந்தும் போயின. மண்ணில் கண்ணிவெடிகள் புதைந்தன. நானூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பேணியதை அழிக்கச் சில ஆண்டுகளே போதுமாயிருந்தன.

2002க்குப் பிறகு ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை சீரமைப்பை மேற்கொண்டது. முதல் வேலை வெடிகளை அகற்றுவது. பிறகு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்றுச்சுவரைப் பழைய முறைப்படி மண்ணைக் குழைத்துக் கையாலேயே எழுப்பினார்கள். அக்கம்பக்கத்து மக்களுக்கு இதில் பல நாள் கூலி கிடைத்தது. தோட்டத்தைத் தங்களுடையதாக அவர்கள் எண்ண இதுவும் ஒரு காரணம் என்பது நம் கருத்து. நடு வாய்க்காலில் மறுபடி நீர் ஓடியது. செர்ரியும் வாதுமையும் நட்டார்கள். பாபர் எழுதிய குறிப்புகளே எந்த மரத்தை நடுவதென்பதற்கு வழிகாட்டின. அவர் எழுதாமல் விட்டிருந்தால் என்ன செய்திருப்பார்களோ! வெள்ளிக்கிழமைகளில் ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாகக் கூட்டம் திரும்பியது.

2021இல் ஆட்சி மாறியது. 2022 நவம்பரில் காபூலின் பூங்காக்களுக்குள் பெண்கள் வரக்கூடாது என்று புதிய ஆட்சியாளர் உத்தரவிட்டனர். ருக்கையா பேகத்தின் கல்லறை உள்ள தோட்டமும் அவ்வுத்தரவுக்குள் அடங்கிற்று.