வார்பர்க் 1956: எந்தக் கருத்துக்கு இந்த மேற்கோள்?

ஓட்டோ வார்பர்க்கின் மேற்கோள் கணக்கை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். ‘புற்றுச் செல்களின் தோற்றம் பற்றி’ என்ற தலைப்பில் 1956-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆறு பக்கக் கட்டுரை நெடுங்காலம் உறங்கிக் கிடந்தது. துறையின் பார்வை வளர்சிதைமாற்றத்தின் பக்கம் திரும்பியதும் விழித்துக்கொண்டது. காலம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்துவிட்டது. ஹனஹனும் வெயின்பெர்க்கும் 2000-இல் வகுத்த புற்றுநோய் அடையாளங்களில் இடம்பெறாத செல்லின் ஆற்றல் வழிகள், அவர்களே 2011-இல் எழுதிய இரண்டாம் கட்டுரையில் இடம்பிடித்ததை இதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். மேற்கோள் எண்ணிக்கை உயர்ந்தது உண்மை. அது எந்தக் கருத்துக்காக உயர்ந்தது என்பதில்தான் நான் மாறுபடுகிறேன்.

ஆக்சிஜன் போதிய அளவு இருந்தும் புற்றுச் செல்கள் குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன: வளர்சிதைமாற்றக் கட்டுரைகளின் முன்னுரையில் இப்படியொரு வாக்கியம் வரும், அதன் முடிவில் 1956 நிற்கும். ஆனால் இது 1920-களின் கண்டுபிடிப்பு. எலிக் கட்டியைச் சீவல்களாக அறுத்து மானோமீட்டரில் வைத்து அளந்த முடிவுகளை போசனர், நெகெலைன் ஆகியோருடன் சேர்ந்து வார்பர்க் 1924-இல் வெளியிட்டார். உயிருள்ள எலியில் கட்டிக்குள் போகும் ரத்தத்தையும் அதிலிருந்து வெளிவரும் ரத்தத்தையும் ஒப்பிட்டு, விண்ட், நெகெலைன் ஆகியோருடன் 1927-இல் அதை உறுதிசெய்தார். 1956-ஆம் ஆண்டுக் கட்டுரையோ 1955-இல் ஸ்டுட்கார்ட்டில் ஜெர்மன் மொழியில் ஆற்றிய உரை. டீன் பர்க் முதலானோரின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்கு வந்தது.

அந்தக் கட்டுரையின் நடுநாயகமான அட்டவணையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். கல்லீரல், சிறுநீரகம், இளங்கரு, எலியின் வயிற்று நீரில் வளரும் ஏர்லிச் புற்றுச் செல்கள் என நான்கு வரிசைகள். ஒரு மூலக்கூறு ஆக்சிஜனுக்கு ஏழு ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு), ஒரு மூலக்கூறு லாக்டிக் அமிலத்துக்கு ஒன்று என்பது வார்பர்க்கின் கணக்கு. அதன்படி கல்லீரலுக்குச் சுவாசத்திலிருந்து 105, லாக்டிக் அமிலம் தரும் நொதித்தலிலிருந்து 1. புற்றுச் செல்லுக்குச் சுவாசத்திலிருந்து 49, நொதித்தலிலிருந்து 60. கட்டுரையின் வாதம் முழுவதும் இந்த 49-ஐயும் 60-ஐயும் அருகருகே வைப்பதில்தான் இருக்கிறது. ஆனால் அந்த 60 நைட்ரஜனில் எடுத்த அளவு. ஆக்சிஜன் இருக்கும்போது அதே செல்கள் தரும் நொதித்தல் ஏறத்தாழ 30 என்று வார்பர்க்கே கட்டுரைக்குள் சொல்கிறார். அவர் எதையும் மறைக்கவில்லை. எந்த வாயுவில் எந்த அளவு என்பதைக் குறித்தே வைத்திருக்கிறார். ஆக, அட்டவணை காட்டுவது ஆக்சிஜன் இல்லாதபோது செல்லால் எவ்வளவு நொதிக்க முடியும் என்பதை. அதை மேற்கோள் காட்டுபவர்களோ ஆக்சிஜன் இருக்கும்போது நிகழ்வதைப் பேசுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது அந்த 30. அது அட்டவணையில் இல்லை.

அட்டவணை எதற்கு வந்தது என்றால், சுவாசம் மீட்க முடியாதபடி பழுதாவதே புற்றின் தோற்றுவாய் என்று நிறுவுவதற்காக. கட்டுரையின் உண்மையான கோட்பாடு இதுதான். அதே ஆண்டு, அதே இதழில் சிட்னி வைன்ஹவுஸ் இதை மறுத்தார். கதிரியக்கக் கார்பன் சேர்த்த பொருள்களைக் கொண்டு செய்த சோதனைகளில் கட்டிகள் அவற்றை இயல்பான திசுக்களுக்குக் குறையாத வேகத்தில் ஆக்சிஜனேற்றம் செய்தன என்பது அவர் வாதம். வார்பர்க்கும் பர்க்கும் காரமாகவே பதிலளித்தார்கள். பெரும்பாலான கட்டிகளில் மைட்டோகாண்ட்ரியா நன்றாகவே இயங்குகிறது என்பதே இன்றைய துறையின் நிலை. 1956-ஐ மேற்கோள் காட்டுபவர்களிலும் பலர் இதை ஏற்பவர்கள்தான். மறுத்த கோட்பாட்டின் கணக்கில், ஏற்றுக்கொண்ட கண்டுபிடிப்புக்கான வரவு விழுகிறது.

ஏன் இப்படி? ஆக்சிஜன் இருந்தும் நிகழும் நொதித்தலுக்கு ‘வார்பர்க் விளைவு’ என்ற பெயரை எஃப்ரைம் ராக்கர் 1972-இல் எழுத்தில் கொண்டுவந்தார். பெயர் ஆளைக் குறித்ததே தவிரக் கட்டுரையைக் குறிக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் ஆளுக்கு ஒரு கட்டுரை தேடியபோது, பெரிய இதழில், கவர்ச்சியான தலைப்போடு, ஒற்றை ஆசிரியர் பெயரில் ஒன்று கைக்கெட்டியது. இது என் ஊகம். ஒவ்வொரு மேற்கோளாகப் படித்துத்தான் முடிவாகச் சொல்ல முடியும். ஆனாலும் வேறு விளக்கம் எனக்குப் புலப்படவில்லை.

1924-ஆம் ஆண்டுக் கட்டுரை ஜெர்மன் மொழியில் இருந்ததே காரணம் என்பார்கள். 1927-ஆம் ஆண்டுக் கட்டுரை ஆங்கிலத்திலேயே வந்தது. வார்பர்க்கின் கட்டிகள் குறித்த நூலும் 1930-இல் ஃபிராங்க் டிக்கென்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பில் லண்டனில் வெளியாயிற்று. மேற்கோள் என்பது மரியாதைதானே, அதை இத்தனை நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமா என்றும் கேட்பார்கள். மரியாதையை எண்ணித்தான் தாக்கம் என்று பெயரிடுகிறோம் என்றால், தாராளமாகப் பார்க்க வேண்டும்.

கட்டுரைகளை மதிப்பிடும் நடுவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆக்சிஜன் இருந்தும் நிகழும் நொதித்தலைச் சொல்லும் வாக்கியத்தின் முடிவில் 1956 என்று கண்டால், 1924 அல்லது 1927 என்று திருத்தச் சொல்லுங்கள். சுவாசப் பழுதை விவாதிப்பவர்கள் மட்டும் 1956-ஐ வைத்துக்கொள்ளட்டும். கூடவே வைன்ஹவுஸின் மறுப்பையும்.