பிரட்டுத் தப்பும் கூத்துத் தப்பும்

சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டங்களில் பொழுது புலரும் முன்பே ஓர் ஓசை எழுவது முன்னாளில் வழக்கமாக இருந்தது. இரத்தினபுரிப் பக்கத்து இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை ஆயினும் சரி, கேகாலைப் பக்கத்து எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட ஆயினும் சரி, லயங்களில் அயர்ந்து உறங்கிய மக்களை எழுப்பியது அவ்வோசையே. கொழுந்து பறிப்போரும் இறப்பர்ப் பால் வெட்டுவோரும் அதைக் கேட்டு எழுந்து, கைப்பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, பிரட்டுக் களத்தை நோக்கி விரைந்தனர். அதுவே பிரட்டுத் தப்பு.

அதே தப்பு மாசித் திங்களில் வேறு விதமாக ஒலித்தது. காமன் கூத்துக்காகக் கம்பம் நட்ட நாள் முதல், காமன் எரியும் இரவு வரையில், மாலை வேளைகளில் லயத்துக்கு லயம் அவ்வொலி சென்று சேர்ந்தது. பகலெல்லாம் மலையேறிக் களைத்தவர்கள் அதைக் கேட்டதும் களைப்பை மறந்தனர். ரதியாகவும் மன்மதனாகவும் வேடம் புனைபவர் தம் தோட்டத்து இளைஞரே ஆதலால், பக்கத்துத் தோட்டத்து உறவினருக்கும் சொல்லியனுப்பினர். எவரும் கட்டளையிடாமலே களம் நிறைந்தது.

கருவி ஒன்று, அதை அடித்த கையும் பெரும்பாலும் ஒன்று, கேட்ட செவிகளும் அவையே. அவ்வாறிருந்தும், ஓர் அழைப்பு கசந்தது, மற்றொன்று இனித்தது. இதற்குக் காரணம் யாது? இவ்வினாவுக்கு இந்நாளில் புதியதொரு பயன் ஏற்பட்டுள்ளது. 'பொட்காஸ்ட்' என வழங்கும் வலையொலி நிகழ்ச்சிகளைத் தமிழில் ஆக்குவோர் இன்று பல நாடுகளிலும் உள்ளனர். தம் நிகழ்ச்சியைக் கேட்பார் இல்லையே என்பது அவர்களுடைய குறை. முகநூலைத் திறந்தாலும் வட்ஸ்அப்பைத் திறந்தாலும் ஒரே அறிவிப்பு ஓயாமல் வந்து நிற்கின்றதே என்பது கேட்போரின் குறை. இவ்விரு குறைகளையும் தீர்க்கும் வழி, அழைக்கும் கலையின் வரலாற்றிலேயே கிடைக்கின்றது.

தமிழ் இலக்கியத்தில் அக்கலையைக் காண விரும்புவோர் மணிமேகலையின் முதற் காதையைப் பார்த்தல் வேண்டும். விழாவறை காதை என்பது அதன் பெயர். காவிரிப்பூம்பட்டினத்தில் இருபத்தெட்டு நாள் நிகழும் இந்திர விழாவை அறிவிக்க, வச்சிரக் கோட்டத்து முரசம் யானையின் பிடரியில் ஏற்றப்படுகின்றது. முரசறைவோன் எடுத்த எடுப்பில் விழாவின் பெருமையைப் பேசவில்லை. முதலில் ஊரை வாழ்த்துகின்றான். மழை பொழிக என்றும், மன்னன் முறை தவறாதிருக்க என்றும் வேண்டுகின்றான். அதன் பின்னரே விழாச் செய்தியையும், வீதிகளை அழகு செய்யும் முறையையும் கூறுகின்றான். முடிவிலும் பசியும் பிணியும் நீங்குமாறு வாழ்த்தியே விடைபெறுகின்றான். கேட்போருடைய நலத்தில் தொடங்கி, அவர்களுடைய நலத்திலேயே முடிவதால், அவ்வறிவிப்பு ஊராருக்கு உரியதாகின்றது.

இத்தகைய மரபில் வந்த மக்களையே பிற்காலத்தில் பொய்யானதோர் அழைப்பு கடல் கடக்க வைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்துக் கிராமங்களுக்குச் சென்ற கங்காணிகள், கண்டிச் சீமையின் வளத்தை வாயாரப் புகழ்ந்தனர். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லியே தம் முன்னோரை அழைத்துவந்தனர் என்பது, மலையக மக்களிடையே தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் கதை. 1904ஆம் ஆண்டில் தோட்டத் துரைமார் திருச்சிராப்பள்ளியில் தொழிலாளர் ஆணையகம் ஒன்றை நிறுவி, ஆள் சேர்ப்பதை ஒழுங்குபடுத்திய பின்னரும், கங்காணியின் நாவன்மைக்கே முதலிடம் இருந்தது. வந்து சேர்ந்தவர்கள் கண்டதோ கடனும் காய்ச்சலும் அட்டைக் கடியுமே. ஆகவே, அம்மக்களின் செவி அன்று முதல் எச்சரிக்கை கொண்டது. மிகைப்படுத்திய புகழுரைக்கு அது எளிதில் மயங்குவதில்லை. உள்ளதை உள்ளவாறு கூறும் அழைப்பே அவர்களிடம் செல்லும்.

இதனை நன்கு உணர்ந்தவர் கோ. நடேசய்யர். தஞ்சை மாவட்டத்திலிருந்து இலங்கைக்கு வந்த அவர், 1920களில் 'தேசநேசன்', 'தேசபக்தன்' என்னும் பத்திரிகைகளை நடத்தினார். 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையில் ஹட்டன் தொகுதியின் உறுப்பினராக விளங்கினார். வெளியார் எவரும் துரையின் அனுமதியின்றித் தோட்டத்தினுள் கால்வைக்க இயலாத காலம் அது. நடேசய்யர் புடவை வியாபாரியைப்போல் மூட்டை சுமந்து தோட்டங்களுக்குள் சென்றார் என்று மலையக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அவ்வாறு சென்றவர் முதலில் பேசியிருக்க இயலாது, கேட்டிருத்தல் வேண்டும். லயத்தின் வாசலில் அமர்ந்து, சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு, நோயுற்றால் மருந்து உண்டா என அறிந்துகொண்ட ஒருவருடைய எழுத்து, அம்மக்களுக்குத் தம் சொந்தக் குரலாகவே பட்டதில் வியப்பில்லை.

அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையின் பணி இன்னும் நுட்பமானது. எழுத்தறியாதார் மிகுந்த கூட்டத்தில் பத்திரிகை எத்துணைப் பயன் தரும்? அவர் பாட்டைக் கையாண்டார். மக்கள் முன்னரே அறிந்திருந்த மெட்டுக்களில் புதிய செய்தியை அமைத்து, கூட்டந்தோறும் பாடினார். இந்தியத் தொழிலாளரை நாட்டைவிட்டு அனுப்பும் முயற்சி 1939இல் வலுத்தபோது, அத்துன்பத்தைப் பாடிய பாடல்கள் 1940ஆம் ஆண்டில் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் சிறு நூலாக வெளிவந்தன. ஒரு முறை கேட்டவர் மலையில் கொழுந்து பறிக்கும்போது அம்மெட்டை முணுமுணுத்தால், பக்கத்து நிரையில் நிற்பவளும் அதைக் கற்றுக்கொள்வாள். பாடியவர் திரும்பத் திரும்ப வந்து வற்புறுத்த வேண்டியதில்லை. கேட்டவரே அதனைச் சுமந்து சென்றனர்.

அடுத்து வந்தது வானொலி. கொழும்பில் 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் முறையான ஒலிபரப்புத் தொடங்கியது. தந்தி இலாகாவின் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் அதற்கு மூலவர். 1950ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பும் உதயமாயிற்று. 1952இல் இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, இந்தியாவிலும் எண்ணற்றோர் கொழும்பின் பக்கம் செவியைத் திருப்பினர். எஸ். பி. மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளரின் குரல், பாக்கு நீரிணையின் இரு கரையிலும் பழகிய குரலாயிற்று.

வர்த்தக ஒலிபரப்பு என்றாலே விளம்பரம் இருக்கும். சவர்க்காரமும் பற்பசையும் நாள்தோறும் புகழப்பட்டன. ஆயினும் மக்கள் வானொலியை மூடிவிடவில்லை. அதற்கு இரு காரணங்கள் கூறலாம். முதலாவது, நேரந் தவறாமை. எந்நிகழ்ச்சி எப்பொழுது வரும் என்று நேயர் அறிவர், அறிந்ததால் காத்திருந்தனர். இரண்டாவது, நேயர் விருப்பம். தபாலட்டையில் எழுதியனுப்பிய நேயரின் பெயரும் ஊரின் பெயரும் வானில் ஒலித்தன. லயம் முழுவதற்கும் ஒரே வானொலிப் பெட்டி இருந்த இடங்களில், தம் தோட்டத்தின் பெயர் ஒலித்த நாள் திருநாளாகவே இருந்திருக்கும். பெயர் கேட்டவர் பத்துப் பேரிடம் சொல்வார். அப்பத்துப் பேரும் மறுநாள் வானொலியின் முன் அமர்வர். நேயரைப் பேசியதன் மூலம் நிலையம் தன்னை விளம்பரப்படுத்திக்கொண்டது.

இதே நெறியை 1989இல் தோன்றிய கொத்மலை சமூக வானொலி வேறு வகையில் பின்பற்றியது. 1998ஆம் ஆண்டளவில், யுனெஸ்கோ நிறுவனத்தின் துணையுடன், அங்கு இணையம் வானொலியோடு இணைக்கப்பட்டது. நேயர் தம் ஐயத்தை எழுதியனுப்புவர். நிலையத்தார் இணையத்தில் தேடி, விடையை ஒலிபரப்புவர். கணினியைக் கண்டிராத கிராமத்தாருக்கும் அவ்வாறு உலக அறிவு எட்டியது. கேள்வி கேட்டவரை விடை கேட்குமாறு எவரும் வேண்டத் தேவையில்லை அல்லவா?

வலையொலி இவ்வழியில் பிந்திப் பிறந்தது. 2004ஆம் ஆண்டு தொடக்கத்தில் 'கார்டியன்' பத்திரிகையில் பென் ஹாமர்ஸ்லி என்பவர் எழுதிய கட்டுரையில் பொட்காஸ்ட் என்னும் சொல் தோன்றியது. வானொலிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒன்றைக் கருதுதல் வேண்டும். வலையொலியில் ஒருவர் சந்தாதாரராகச் சேர்ந்துவிட்டால், புதிய பகுதி தானாகவே அவருடைய கைபேசியை வந்தடையும். அவருக்கு மேலும் அறிவிப்புத் தேவையில்லை. அவ்வாறிருக்க, நாள்தோறும் ஐந்து குழுக்களில் ஒரே இணைப்பை இடுபவர், முன்னரே வந்தவரை மீண்டும் மீண்டும் அழைக்கின்றார். வர விரும்பாதவரைச் சினங்கொள்ளச் செய்கின்றார். அவருடைய அறிவிப்பு தம்மையறியாமலே பிரட்டுத் தப்பாகிவிடுகின்றது.

தப்புக் கலைஞர்க்கு இதில் ஐயமே எழுந்ததில்லை. சாவுக்கு ஓர் அடி, திருவிழாவுக்கு ஓர் அடி, கூத்துக்கு ஓர் அடி என அவர்கள் வகுத்திருந்தனர். தொலைவில் நின்று கேட்பவரும் செய்தி இன்னது, தமக்கு உரியதா அன்றா என்பதை உடனே அறிவர். சாவு வீட்டு முற்றத்தில் கூத்துத் தப்பை எவரும் அடித்ததில்லை. அவ்வறிவுடைய கலைஞருக்குச் சமூகம் நெடுங்காலம் உரிய மதிப்பை வழங்கவில்லை என்பது வருந்தத்தக்கது. அவர்களிடம் கற்பதற்கு இன்னும் உண்டு. மரண அறிவித்தலுக்காகவோ, கோயில் திருப்பணிக்காகவோ அமைந்த வட்ஸ்அப் குழுவில் தம் நிகழ்ச்சியைப் புகுத்துவோர் இதனை நினைத்தல் நன்று.

ஆகவே, ஒரு பகுதிக்கு ஓர் அறிவிப்புப் போதும். அதுவும் குறித்த நாளில், குறித்த வேளையில் வருதல் வேண்டும். 'கட்டாயம் கேளுங்கள்' என்று கூறுவதைவிட, உள்ளே இருப்பது என்ன என்பதை இரண்டு வரியில் கூறுதல் மேல். பேசுபவர் எவர், பொருள் யாது, எத்தனை நிமிடம் என்பன அதில் இடம்பெறட்டும். தோட்டத்து இளைஞர் முற்கட்டணம் செலுத்தித் தரவு வாங்குவோர் என்பதையும் மறத்தலாகாது. நொடிக்கு 64 கிலோபிட் அளவில் பதிவான முப்பது நிமிடப் பேச்சு ஏறத்தாழ 14 மெகாபைட் ஆகும். அதனை இருமடங்கு தரத்தில் வெளியிட்டால் செலவும் இருமடங்காகும். பேச்சுக்கு முன்னது போதும் என்றறிந்து குறைத்து வெளியிடுவதும், அவ்வளவை அறிவிப்பிலேயே கூறுவதும் கேட்போருக்குச் செய்யும் மரியாதை. ஒரு நிமிடத் துண்டை முன்னோட்டமாக இடலாம். விரும்பியவர் முழுமையைத் தேடுவர். கருத்தெழுதியவருக்கு மறுமொழி தருதலும், கேள்வி கேட்டவரின் பெயரை அடுத்த பகுதியில் கூறுதலும், பிறருடைய நல்ல நிகழ்ச்சியைப் பாராட்டுதலும் சிறந்த விளம்பரங்கள். அனுமதியின்றிப் பலருடைய பெயர்களைத் தம் பதிவில் கோத்துவிடுதல் மட்டும் ஆகாது. அது உறங்குபவன் தோளைப் பிடித்து உலுக்குவதை ஒக்கும்.

இவையெல்லாம் சிறு செய்திகள் எனச் சிலர் கருதலாம். சப்ரகமுவத் தமிழருக்கு இவை சிறு செய்திகள் அல்ல. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் கணக்கிட்டுப் பிரித்தது. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்கும் உரியவராயினர். 1977, 1981 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் சப்ரகமுவத் தோட்டங்களும் தாக்குண்டன. வாழ்விடம் இழந்தோர் வடக்கு நோக்கியும் சென்றனர். இன்று அக்குடும்பங்களின் கிளைகள் நீலகிரியிலும் வவுனியாவிலும் மேலைநாடுகளிலும் பரந்துள்ளன. எஞ்சிய தோட்டங்களோ சிங்களக் கிராமங்களிடையே தீவுகளைப்போல் ஒன்றுக்கொன்று தொலைவில் கிடக்கின்றன. பழைய கூத்தின் பாட்டையும், கப்பலேறிய கதையையும் அறிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைந்துவருகின்றனர்.

அத்தகைய மூதாட்டி ஒருத்தியின் குரலைப் பேரன் தன் கைபேசியில் பதிவுசெய்து வலையொலியாக்குவானாயின், அது கூடலூரில் வாழும் அவளுடைய தங்கையின் மக்களைச் சென்றடைய வேண்டிய குரல். அவனுடைய அறிவிப்பு ஓயாத தொல்லையாகி, அவர்கள் அதனை ஒலியடக்கி வைத்துவிட்டால், இழப்பு அவனுடையது மட்டுமன்று. இரு குடும்பங்களை மீண்டும் இணைக்கக்கூடிய இழை அங்கே அறுந்துபோகின்றது. அதனாலேயே அழைக்கும் முறையில் இத்தனை கவனம் வேண்டியிருக்கின்றது.

தப்பை அடிப்பதற்கு முன் தீ மூட்டிக் காய்ச்சுதல் கலைஞரின் வழக்கம். ஈரம் உலர்ந்து தோல் இறுகும் வரை பொறுமையுடன் அனலில் காட்டுவர். அவ்வப்போது விரலால் தட்டிப் பார்ப்பர். காய்ச்சாத தப்பை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஓசை அடுத்த மலைக்குச் செல்லாது. வலையொலி ஆக்குவோரும் அறிவிப்பில் செலவிடும் பொழுதில் பெரும்பகுதியை நிகழ்ச்சியைப் பதப்படுத்துவதில் செலவிடுவாராக. அதன்பின் ஒரு முறை அடித்தால், கேட்க வேண்டியவர் செவியில் அது விழும். கேட்டவர் அடுத்த லயத்துக்குச் சொல்லுவர்.